ராபர்ஸ் கேவ் ஆய்வு

குழுப் போட்டி எவ்வாறு வெறுப்பாகிறது என்பதை ஆராய, துருக்கியில் பிறந்த சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலுள்ள ராபர்ஸ் கேவ் பூங்காவில் முகாம் அமைத்து நடத்திய கள ஆய்வு. ஒருவரையொருவர் முன்பின் அறியாத, ஒரே மாதிரிப் பின்னணி கொண்ட 22 சிறுவர்கள் ‘கழுகுகள்’, ‘கிலுகிலுப்பைப் பாம்புகள்’ என இரு அணிகளாயினர். பதக்கமும் பேனாக்கத்தியும் பரிசென அறிவித்ததுமே வசை, கொடி எரிப்பு, குடில் சூறை தொடர்ந்தன. சேர்ந்து உண்ணவைத்தும் பகை தணியவில்லை, உணவையே வீசிக்கொண்டனர். தண்ணீர் தடைப்பட்டபோதும், பழுதான லாரியைக் கயிறிழுப்புக் கயிற்றாலேயே இழுத்தபோதும்தான் நெருங்கினர். தொடர்பைவிடப் பொதுத்தேவையே வலியது என்பது இதன் அரிய கண்டுபிடிப்பு. ஆயினும், சிறுவர்களுக்குத் தெரியாமலே அவர்களைச் சோதித்தது அறப்பிழையே. இதன் முடிவும் கேள்விக்குரியதே: 1953இல் ஷெரீப் நடத்திய முந்தைய முகாமில் சிறுவர்கள் எதிர்பார்த்தபடி மோதிக்கொள்ளவில்லை.