விழுங்கும் உயிரணுவும் ஆற்றும் உயிரணுவும்: பெருவிழுங்கிச் சிகிச்சையின் வரலாறு

முன்னுரை

நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கிருமிகளை அழிக்கும் காவலர்களாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. அவற்றுள் மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கி, சிதைந்த திசுவைச் சீரமைப்பதிலும் பங்காற்றுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. அவ்வுயிரணுவையே மருந்தாகச் செலுத்தும் முயற்சி எவ்வாறு உருப்பெற்றது, எங்குத் தடைப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டறிதல்

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ், நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் முள்ளைச் செலுத்தினார். மறுநாள் நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்திருந்தன. அவரது விழுங்கணுக் கோட்பாட்டின் அடிப்படை இதுவே. 1908-இல் பால் எர்லிக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனினும், காயம் ஆறுவதில் பெருவிழுங்கியின் பங்கை 1975-இல் லைபோவிச், ராஸ் ஆகியோர் கினிப்பன்றிகளில் நிகழ்த்திய ஆய்வே தெளிவாகக் காட்டியது. பெருவிழுங்கிகளைக் குறைத்தபோது காயத்தில் கழிவுகள் தேங்கின. நார்த்திசு உருவாவதும் தாமதமாயிற்று. குறைந்தால் ஆறுதல் தாமதிக்குமெனில், கூட்டினால் விரையுமா என்பதே அடுத்த வினா.

தண்டுவடம்

கை கால்களின் நரம்புகள் வெட்டுண்டால் ஓரளவு மீண்டும் வளரும். பாலூட்டிகளின் தண்டுவடம் அவ்வாறு வளர்வதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மிகால் ஷ்வார்ட்ஸ் குழுவினர், புறநரம்புத் துண்டுகளுடன் வளர்த்த பெருவிழுங்கிகளை எலிகளின் வெட்டுண்ட தண்டுவடத்தில் வைத்தனர். பின்னங்கால்களில் ஓரளவு இயக்கம் மீண்டதை 1998-இல் அவர்கள் வெளியிட்டனர். மனித ஆய்வில் நோயாளியின் குருதியிலிருந்தே உயிரணுக்கள் பெறப்பட்டு, அவரது தோல் துண்டுகளுடன் வளர்க்கப்பட்டு, காயமுற்ற 14 நாள்களுக்குள் தண்டுவடத்தில் செலுத்தப்பட்டன. 2012-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வின்படி, சிகிச்சை பெறாதோரைவிட அவர்கள் மேலான பயன் பெறவில்லை. நடக்க இயலாதோரின் நம்பிக்கையோடு பிணைந்திருந்த முயற்சி அது.

கல்லீரல்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இம்முயற்சி வேறு உறுப்பில் தொடர்ந்தது. சிரோசிஸ் நோயில் கல்லீரல் தழும்பேறி இறுகுகிறது. அத்தழும்பைக் கரைக்கும் நொதிகளைப் பெருவிழுங்கிகள் சுரக்கின்றன. ஸ்டூவர்ட் ஃபோர்ப்ஸ் குழுவினர் நோயாளிகளின் சொந்த உயிரணுக்களை வளர்த்து நரம்பூசி வழியாகச் செலுத்தினர். 2019-இல் வெளியான முதற்கட்ட ஆய்வில் பங்கேற்றோர் 9 பேர். அதன் முதன்மை நோக்கம் பாதுகாப்பை அறிவதே. குணம் அளித்ததற்கான சான்றாக அதனைக் கொள்ளலாகாது.

முடிவுரை

பெருவிழுங்கி அழற்சியைத் தூண்டவும் வல்லது, தணிக்கவும் வல்லது. அது எச்செயலை மேற்கொள்ளும் என்பதை உறுப்பும் காலமும் சூழலும் தீர்மானிக்கின்றன. ஆகவே, உயிரணுவைச் செலுத்துவது மட்டும் சிகிச்சையாகிவிடாது. பயனளிக்காத தண்டுவட ஆய்வின் முடிவும் மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டமையாலேயே இவ்வுண்மை இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது.