இடிந்தபின் எஞ்சுவது

பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம், 2008ஆம் ஆண்டுப் போரில் வெறுமையான வன்னிக் கிராமங்களுள் ஒன்று. 2009இன் இறுதி தொடக்கம் முகாம்களிலிருந்து இத்தகைய ஊர்களுக்கு மீண்ட மக்கள் முன் எழுந்த வினா எளியது: எஞ்சியவற்றுள் எதனை இன்றிரவே பயன்படுத்தலாம்? அழிவுக்குப் பின் நிற்கும் கட்டடம் யாவும் பயன்படும் கட்டடமன்று என்பதை வன்னியின் அண்மை வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

கிளிநொச்சி நகரின் கொங்கிறீற்றுத் தண்ணீர்த் தாங்கியை நோக்குவோம். அந்நகர் 2009 சனவரியில் அரச படையினர் வசமானபோது அது சாய்ந்து கிடந்தது. தாங்கிய தூண்கள் முறிந்ததும் யாவும் முடிந்தன. அதனை மீள நிமிர்த்த எவராலும் இயலவில்லை. நெடுநாள் அது வழிப்போக்கரின் காட்சிப்பொருளாயிற்று. மண்வீட்டின் கதை வேறு. கூரை எரிந்தாலும், வளவிற் பனையும் குளக்கட்டருகே களிமண்ணும் இருப்பின், அயலவர் கூடிச் சில நாளில் அதனை மீண்டும் எழுப்பிவிடுவர்.

அதனாற் குடிசையே சிறந்ததென்று புகழ்வது ஏழையின் துயரை அழகுபடுத்துவதாகும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையின் ஓலைக்குடில்களை மனிதரோடு வாரிச் சென்றது. ஆயினும் 2001 சனவரி 26இல் குஜராத்தின் கச்சுப் பகுதி பூகம்பத்தால் அதிர்ந்தபோது, 'புங்கா' எனப்படும் வட்டமான மண்வீடுகள் பல நிலைத்தன; அகமதாபாத்தின் அடுக்குமாடிகள் சில சரிந்தன. மூலையற்ற சுவரும் பாரமற்ற கூரையும் அவ்வீடுகளைக் காத்தன. எந்த அழிவுக்கு எந்த அமைப்பு என்பதே கேள்வி.

இன்னுமொன்று. 2009இல் வவுனியாவின் பாடசாலைகள் பல அகதி முகாம்களாயின. சுவர்கள் உறுதியாய் நின்றன. ஆயிரமாயிரம் உயிர்களுக்கு நிழலும் தந்தன. ஆனால் வகுப்பறைகள் வகுப்பறைகளாக இருக்கவில்லை. ஒரு பயன் மற்றொரு பயனை விழுங்கியது. பிள்ளைகளின் கல்வியே அதற்கு விலையாயிற்று.

பின்னர் வந்த வீடமைப்பிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். 2012இல் விரிவுபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில், குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது, வீட்டுக்காரரே கட்டினர். பணம் போதாமற் பலர் கடனாளிகளாயினர் என்பது உண்மை. ஆயினும் கல்லரியவும் சுவரெழுப்பவும் ஊரார் கற்றனர். 2016இல் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது வடக்கில் எதிர்ப்பு எழுந்ததன் நியாயமும் இதுவே. வெளியிலிருந்து வந்த பலகை பழுதானால் ஊர் மேசன் என் செய்வான்?

பொதுக் கட்டடங்கள் வலிமையுடையனவாய், புகலிடத்துக்கும் கல்விக்கும் தனித்தனி இடமுடையனவாய் அமைதல் வேண்டும். அது அரசின் கடமை. குடியிருக்கும் வீடோ, குடியிருப்போரின் கையாலேயே திருத்தத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அது மக்களின் உரிமை. மீண்டும் கட்டும் அறிவும் பொருளும் மக்களிடம் இல்லாத நாட்டில், அழியாமல் நின்ற சுவரும் பாதி இடிந்ததேயாகும்.