ஒரே பெஞ்சில் இரட்டையர்



1983-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதியோடு இரண்டு பெயர்கள் வருகைப் பதிவேட்டில் வருவது அபூர்வம். ஓய்வு பெறும் வருடம் என் வகுப்பிலேயே இரண்டு ஜோடி இருந்தார்கள்! இயற்கையில் ஏறத்தாழ நூறு பிரசவத்துக்கு ஒன்றுதான் இரட்டை. பிறகு எப்படி?

அந்தக் காலத்தில் பிள்ளை இல்லையென்றால் நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பால் ஊற்றுவார்கள். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அவள் தாய்க்கு மருந்து எதுவும் கொடுக்காமல், தானாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்தார்கள். 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ல், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் 'துர்கா' பிறந்தாள். அவர் வழி வேறு. ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்தார். கருவை உறைய வைத்துப் பிறகு கருப்பையில் வைத்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981-ல் தற்கொலை செய்துகொண்டார்.

1986-ல் மும்பையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவும், 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜும் வெற்றி கண்டார்கள். பிறகு ஊர் ஊராக மையங்கள் வந்தன.

ஒரு கரு தங்குமோ தங்காதோ என்ற பயத்தில் இரண்டு, மூன்று என்று வைத்தார்கள். சில சமயம் எல்லாமே தங்கிவிடும். முட்டை வளர வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இரட்டை பிறப்பது கூடியது.

என் பழைய மாணவி ஒருத்தி வயலை விற்றுச் சிகிச்சை எடுத்தாள். "ரெண்டு வந்தா ஒரே செலவு சார்" என்று சிரித்தாள். ஏழாம் மாதத்திலேயே பிரசவம். ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஒரு பிள்ளைதான் வீட்டுக்கு வந்தது. இரட்டை என்றால் குறைமாதப் பிரசவமும் தாய்க்கு ரத்தக்கொதிப்பும் அதிகம் என்பதை அவளிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

இப்போது பல இடங்களில் ஒரு கருவை மட்டும் வைத்து, மீதியை உறைய வைக்கிறார்கள். அன்று நம்ப மறுத்த முகோபாத்யாயின் வழிதான் இன்று தாய்மாரைக் காக்கிறது.

டாக்டரை மட்டும் குறை சொல்லி என்ன? கல்யாணமான ஆறாம் மாதமே "விசேஷம் உண்டா மக்ளே?" என்று கேட்பது நாம்தானே. அந்தக் கேள்வியை நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்தலாம்.