திறக்காத கதவும் தூங்காத காவலரும்

பண்டைய எகிப்தின் கல்லறைகளில் சுண்ணாம்புக் கல்லில் ஒரு கதவைச் செதுக்கி வைப்பாங்க. ஆனா, அது திறக்காது! இறந்தவரின் ஆன்மா மட்டும் அது வழியா வந்து, ரொட்டியையும் பீரையும் ஏத்துக்கும்னு நம்பிக்கை. நம்ம அமாவாசைப் படையல் மாதிரி. அதனாலதான் கதவில் அவர் பெயரையும் பதவியையும் பொறிச்சாங்க. பெயர் அழிஞ்சா, படையல் யாருக்கு?

வாசல் சிற்பம் பார்க்க எகிப்து வரை போக வேண்டாம். கோரிமேட்டிலிருந்து பைக்கை எடுங்க. விழுப்புரம் - செஞ்சி சாலையில் இருக்கு மண்டகப்பட்டு. இது கல்லறை இல்லை. 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் மும்மூர்த்திகளுக்காகக் குடைந்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் உருவாக்கியதாகக் கல்வெட்டு சொல்லுது. முகப்பின் இரு ஓரத்திலும் கதாயுதத்தோடு துவாரபாலகர்கள்.

அவங்களோட செல்ஃபி எடுங்க. உங்க பெயரை மட்டும் அங்கே கீறிடாதீங்க!