ஸ்ரீபெரும்புதூருக்கு ஏன் வந்தார்கள்?

எழுபதுகளில் பூந்தமல்லி தாண்டி காஞ்சிபுரம் பஸ்ஸில் போனவர்களுக்கு நினைவிருக்கும். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, பனைமரங்கள், வேர்க்கடலைக் கொல்லைகள். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த ஊர். 1991க்குப் பிறகு ராஜீவ் காந்தி மறைந்த ஊர் என்றும் ஆயிற்று. கார் கம்பெனி வரும் என்று அன்று சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

கொரியாக்காரர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்று கேட்டால், "அரசாங்கம் சலுகை கொடுத்தது" என்பார்கள் பலர். உண்மைதான். ஆனால் சலுகை தர மற்ற மாநிலங்களும் தயாராகத்தான் இருந்தன. எனக்குத் தோன்றும் பதில் வரைபடத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். துறைமுகமும் மீனம்பாக்கம் விமான நிலையமும் எட்டும் தூரம். வாசலிலேயே பெங்களூர் நெடுஞ்சாலை. நகரத்துக்கு அருகில், ஆனால் நகரத்து விலை இல்லாத மானாவாரி நிலம்.

இன்னொரு காரணத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. கிண்டி தொழிற்பேட்டை 1958லேயே வந்துவிட்டது. பிறகு அம்பத்தூர். பாடியில் டி.வி.எஸ். குழுமத்து ஆலைகள். பிரேக், சக்கரம், மின்சாரப் பாகங்கள் எல்லாம் இங்கே பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான உதிரி பாகங்கள் வேண்டும். அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருந்தால், யார்தான் வேறு ஊர் தேடுவார்கள்?

ஆனால் நல்ல இடம் என்பது மட்டும் போதாது. நூறு பட்டாதாரர்களிடம் தனித்தனியாகப் பேசி நிலம் வாங்க எந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் பொறுமை கிடையாது. 1971ல் தொடங்கிய சிப்காட் அந்த வேலையைச் செய்தது. முதலில் ராணிப்பேட்டை, பிறகு மற்ற ஊர்கள். நிலத்தைச் சேர்த்து, சாலை போட்டு, தண்ணீரும் மின்சாரமும் வர வழி செய்து, 99 வருஷக் குத்தகைக்கு மனையாகக் கொடுத்தது.

1996ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998ல் சான்ட்ரோ ஓடியது. கூடவே கொரிய உதிரி பாகக் கம்பெனிகள் வந்தன. 2000ல் செயின்ட் கோபேன் கண்ணாடி. 2006ல் நோக்கியா. செல்போன் எடை குறைந்த சரக்கு, விமானத்தில் போகும். அதற்கும் இந்த இடம் பொருந்தியது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்குச் சீருடையில் காத்து நின்ற பெண் பிள்ளைகளைப் பார்க்கவே நிறைவாக இருக்கும்.

2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் சேரவில்லை. துறைமுகம் நகரவில்லை, சாலை நகரவில்லை. வேலை போய்விட்டது. நல்ல இடம் கம்பெனியை வரவழைக்கும், கட்டிப்போடாது என்று அன்று புரிந்தது.

2019ல் சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி அதே ஆலையை வாங்க முன்வந்தது. கட்டடத்துக்கு மறுபடி ஆள் கிடைத்தது, இடத்தின் பலம் அதுதான். ஆனால் இருபத்தைந்து வயதில் வேலை இழந்த பெண்ணுக்கு, நடுவில் போன 5 வருஷத்தை எந்த இடமும் திருப்பித் தராது.

என் மனைவியின் பெரியப்பாவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. தொழிற்பேட்டைக்குப் போயிற்று. வந்த பணத்தில் மாடி வீடு கட்டினார். பேரன் இப்போது ஷிப்ட் வேலைக்குப் போகிறான். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து நான் மேலே எழுதியதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கம்பெனிக்கு நல்ல எடம்னு சொல்றீங்க மாப்பிள்ளை, சரி. எனக்கும் அது நல்ல எடமாத்தானே இருந்தது?"

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காபி வந்தது, குடித்தோம்.