சராசரியும் தற்செயலும்

செங்கலடி வட்டைகளில் நெல் விதைப்போன் ஒவ்வொரு மணியின் ஊழையும் தனித்தனி எண்ணுவதில்லை. பல்லாயிரம் மணிகளுள் எத்தனை பங்கு முளைக்கும் என்பதே அவன் கணக்கு; அக்கணக்குப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயின், கையில் மூன்று மணிகளே உளவெனின் சராசரி யாது பயன் தரும்? மூன்றும் முளைக்கலாம், ஒன்றேனும் முளையாமலும் போகலாம். உயிர்க்கலத்துட் செல்லும் சைகைகளைக் கணிக்கப் புகுந்த அறிஞர்க்கும் இவ்விடர்ப்பாடே நேர்ந்தது.

இவ்வினா முதற்கண் பௌதிகத்தில் கூர்மை பெற்றது. அண்டக்கதிர்ப் பொழிவில் துகள்கள் பெருகுமாற்றை ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் 1937இல் விளக்கினர். துகள்களின் சராசரித் தொகையேயன்றி, அதனின்று விலகும் ஏற்றத்தாழ்வும் அறியப்படல் வேண்டும் என்பது பின்னர்ப் புலனாயிற்று. அதற்குரிய எழுமாற்றுக் கணிதத்தை 1950இல் வளர்த்தவருள் ஒருவர் சென்னை தந்த அல்லாடி இராமகிருஷ்ணன்; 1962இல் அந்நகரிற் கணித அறிவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அவரே.

இரசாயனத்தில் வகையீட்டுச் சமன்பாடுகளே நெடுங்காலம் ஆட்சி புரிந்தன. தொடக்கநிலையைக் கொடுத்தால் அவை ஒரே விடையைத் தரும், இஃது உறுதிமுறை. 1976, 1977ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அறிஞர் டானியல் கில்லெஸ்பி வேறொரு முறையை வகுத்தார். அடுத்த தாக்கம் எப்போது நிகழும், அஃது எத்தாக்கம் என்னும் இரு வினாக்களுக்கும் எழுமாற்று எண்களைக் கொண்டு விடை கண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியாகக் கணிப்பதே அம்முறை. ஒவ்வொரு முறையும் விடை மாறுமாதலின், கணிப்பைப் பன்முறை செய்தல் வேண்டும். கணினிக்கு அது பெருஞ்சுமை.

இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது? எண்ணிக்கையே முதற்சான்று. மூலக்கூறுகள் 10,000 ஆயின் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. 100 ஆயின் பத்து. ஓர் இலீற்றரைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கின் வரும் ஒரு கூறே பெம்ற்றோலீற்றர். சிறு பற்றீரியம் ஒன்றின் கனவளவு ஏறத்தாழ அவ்வளவே. அதனுள் ஒரு மைக்கிரோமோலர்ச் செறிவுக்கு 600 மூலக்கூறுகளே அமையும். ஒரு நனோமோலராயின் ஒன்றுகூட நிரம்பாது. முழுமையற்ற மூலக்கூறு உலகில் உண்டோ?

1999இல் உபிந்தர் பல்லாவும் இரவி ஐயங்காரும், தூண்டல் நின்றபின்னும் சில சைகைச் சுழல்கள் தம் நிலையைக் காத்தல் கூடும் எனக் கணித்துக் காட்டினர். நினைவாற்றலின் வேரைத் தேடுவோர்க்கு இது பெருஞ்செய்தி. ஆயின் 2004இல், பெங்களூரிலிருந்து பல்லா வெளியிட்ட எழுமாற்றுக் கணிப்பு, அவர் ஆய்ந்த நிலைமைகளில், ஒரு பெம்ற்றோலீற்றருக்குக் குறைந்த இடத்தே பெரும்பாலான சைகைகள் பெரிதும் சிதைதலைப் புலப்படுத்தியது. நரம்புக்கல முட்களோ அதனினும் சிறியனவாய் இருத்தல் உண்டு. நினைவைத் தாங்கும் கருவி தற்செயலால் தடுமாறின் நினைவு நிலைப்பது எங்ஙனம்? சராசரியை மட்டும் நம்பியோர்க்கு இவ்வினாவே தோன்றியிராது.

ஆகவே, மூலக்கூறுகள் மிகுந்து, நிலைமாறும் எல்லையும் அணித்தில் இல்லையெனின் உறுதிமுறை போதும்; எண்ணிக்கை அருகியவிடத்தும், இரு நிலைகளுக்கிடையே கலம் ஊசலாடுமிடத்தும் எழுமாற்றுமுறையே தகும். 1981இல் வந்தாறுமூலையில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாய் உயர்ந்தது. வாவிக்கரை மாணவர்க்கு இவ்வாய்வு எட்டாக்கனி அன்று. கணக்கிடுமுன் எண்ணிப் பார்க்கும் பழக்கமே அதற்கு வேண்டுவது.