தமரும் தமியரும்: ஒரு சொல்லின் வரலாறு

தன்னையே எண்ணி வாழ்பவரை இன்று ‘தன்னலமி’ என்றும் ‘சுயநலவாதி’ என்றும் வழங்குகிறோம். இச்சொற்களில் பழி எங்கே தங்கியுள்ளது? தன் நலம் பேணுதல் குற்றமன்று. நலம் என்பதும் நல்ல சொல்லே. ஆதலின் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் மட்டும் பொருள் முற்றும் விளங்காது. அதன் பழைய வழக்கையும் நாம் நோக்க வேண்டும்.

புறநானூற்றின் 182ஆம் பாடலில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, உலகம் நிலைபெறக் காரணமான சான்றோரைப் போற்றுகிறார். அமிழ்தமே கிடைப்பினும் அவர்கள் அதனைத் தமியராய் உண்ணார். தமியர் என்பார் தனித்தவர். ‘தம்’ என்னும் அதே அடியுடன் தொடர்புடைய ‘தமர்’ என்பதோ சுற்றத்தாரைக் குறிக்கும். திருக்குறளின் 72ஆம் குறள் அன்பில்லாதவரைத் தமக்குரியர் என்கிறது. நம் முன்னோர் பழித்தது தமக்கென ஒன்றைப் பெறுதலை அன்று. பிறரை விலக்கித் தனித்து நிற்றலையே.

‘சுயநலம்’ வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் புணர்ந்த கலவை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி ‘தன்னலம்’ போன்ற சொற்களுக்கு வலுவூட்டியது. 1925இல் எழுந்த சுயமரியாதை இயக்கத்தின் பெயரிலும் அதே ‘சுய’ உண்டு. அங்கே அது பெருமை தருவது. சுயமரியாதை தன்மானம் ஆனபோதும் அப்பெருமை குன்றவில்லை. எனவே ‘தன்’ என்பது தன்னளவில் இழிபொருள் தருவதன்று.

இதனை மலாயாத் தமிழர் வாழ்வும் காட்டும். தெப்ராவ் வட்டாரத்திலும் தமிழர் பால்மரம் சீவி, லயங்களில் வாழ்ந்தனர். 1950களில் நாடெங்கும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அந்நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குத்தொகை செலுத்தினர். சங்கம் தோட்டங்களை வாங்கியது. ஒவ்வொருவரும் தம் வீட்டையும் பிழைப்பையும் காக்கவே பணம் கட்டினர். ஆயினும் அவர்களைத் தன்னலமிகள் என்பார் இலர். அவர்கள் தமராய்க் கூடியே தம் நலத்தைத் தேடினர்.

இன்று தெப்ராவின் தோட்ட நிலங்கள் பல குடியிருப்புகளாகவும் கடைத்தொகுதிகளாகவும் மாறிவிட்டன. தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவரையெல்லாம் தன்னலமி என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அச்சொல்லை ஒருவர்மேல் சுமத்துமுன், அவர் தமக்கெனப் பெற்றது என்ன என்பதைவிட, யாரை விலக்கிப் பெற்றார் என்பதையே நாம் கேட்க வேண்டும்.